மோதிர விரலின் எடை

பரதநாட்டியத்தின் ஒற்றைக்கை முத்திரைகளில் முதலாவதாக வரும் பதாகத்துக்கும் இரண்டாவதாக வரும் திரிபதாகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு விரலின் மடிப்புத்தான். நான்கு விரல்களும் ஒட்டி நீண்டிருக்கப் பெருவிரல் மட்டும் மடங்கினால் அது பதாகம். அதே கையில் மோதிர விரலும் மடங்கிவிட்டால் திரிபதாகம். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் முன்னதற்கு மேகம், காடு முதலான பொருள்களையும் பின்னதற்கு மணிமுடி, மரம் முதலான பொருள்களையும் வகுத்துச் சொல்கிறது. அந்நூலை 1917இல் ஆங்கிலத்தில் தந்த இருவருள் ஒருவர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. மடங்குகிற அந்த விரல் உடலின் மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் வராது. ஆடுபவரின் முழு உருவத்தையும் முப்பரிமாணத் தரவாகப் பதிந்து, சுருக்கி, வேறோர் ஊரில் இருப்பவரின் கண்முன்னே அப்படியே நிறுத்த முயலும் இன்றைய வரைகலைத் தொழில்நுட்பம் அந்தச் சிறு பங்கில்தான் பெரிதும் தடுமாறுகிறது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தடுமாற்றத்துக்கு நடைமுறைப் பொருள் உண்டு. சுவாமி சாந்தானந்த சரசுவதியால் 1981இல் தொடங்கப்பட்டு இன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களில் பரதம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் புறப்பட்டுக் கேஎல் சென்ட்ரலில் இறங்கும் மாணவருக்கு அந்தப் பேட்டை நடந்து சேரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, எங்கும் நடந்ததுபோல் இங்கும் வகுப்புகள் தட்டையான திரைக்கு இடம்பெயர்ந்தன. பாதி அமர்ந்த நிலையான அரைமண்டியில் முழங்கால் எவ்வளவு வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது, முதுகு எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறது, முன்னே நீட்டிய கையின் மணிக்கட்டு எங்கே உடைகிறது என்பவை எல்லாம் ஆழம் சார்ந்தவை. ஒற்றைக் கேமராவின் முன் அவை பாதி தொலைந்துபோகும். சுற்றி வந்து பார்க்கத்தக்க ஓர் உருவத்தை அனுப்ப முடிந்தால் ஆசிரியர் தம் வழக்கப்படி மாணவரின் பக்கவாட்டில் நின்று திருத்தலாம் என்ற விருப்பம் அதனால் இயல்பானதே.

அவ்வகை உருவம் கணினிக்குள் முக்கோணங்களால் ஆன வலையாக இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் அதை மெஷ் என்கிறார்கள். பரப்பின் மேல் பரவிய புள்ளிகள் முனைகள் எனப்படும். எந்த மூன்று முனைகள் சேர்ந்து ஒரு முக்கோணமாகின்றன என்னும் பட்டியல் இணைப்புத் தகவல் எனப்படும். அந்தப் பரப்பின் மேல் போர்த்தப்படும் வண்ணப் படம் டெக்ஸ்சர் எனப்படும். இவை தனித்தனியானவை என்பதற்குப் பத்துமலை முருகன் கோயிலை விடத் தெளிவான சான்று அந்த வட்டாரத்தில் கிடைக்காது. 2018 ஆகஸ்டில் அங்குள்ள 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டப்பட்டபோது, படிகளின் வடிவத்தை முன்பே அளந்து வைத்திருந்த ஒருவர் முனைகளில் ஒன்றையும் தொடத் தேவை இருந்திருக்காது. டெக்ஸ்சரை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்தில் நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலையும் அப்படித்தான்: எத்தனை லட்சம் முக்கோணங்கள் ஆனாலும் ஒருமுறை அனுப்பினால் வேலை முடிந்தது. ஆடும் உடலுக்கு அந்தச் சலுகை இல்லை. வினாடிக்கு முப்பது தடவை அது வேறொரு சிலையாகிறது.

அந்தப் பளு எவ்வளவு என்பதை எளிய பெருக்கலே காட்டிவிடும். நாற்பதாயிரம் முக்கோணங்கள் கொண்ட மனித உருவத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் முனைகள் இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் மூன்று எண்கள், எண்ணுக்கு நான்கு பைட் என்றால் 240 கிலோபைட். முக்கோணம் ஒவ்வொன்றுக்கும் மூன்று முனைகளின் வரிசை எண்களை எழுதினால் இன்னும் 480 கிலோபைட். ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு கணத்தின் உருவத்துக்கு, 720 கிலோபைட் என்றால் வினாடிக்கு முப்பது சட்டகங்களுக்கு 21.6 மெகாபைட், அதாவது சுமார் 173 மெகாபிட். நீளமும் அகலமும் 2048 புள்ளிகளாக உள்ள டெக்ஸ்சரைச் சுருக்காமல் சேர்த்தால் வினாடிக்கு மேலும் மூன்று கிகாபிட் ஆகும். 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகியவற்றின் சில பகுதிகளில் தொடங்கிய 5ஜி சேவையானாலும் சரி, வீட்டுக்கு வரும் ஒளியிழை இணைப்பானாலும் சரி, ஓர் உருவத்துக்காக இவ்வளவையும் விட்டுக்கொடுக்கும் என எதிர்பார்க்க முடியாது.

சுருக்கத்தின் வரலாற்றில் மிக அழகான பகுதி இணைப்புத் தகவலைப் பற்றியது, ஏனெனில் அங்கே எதையும் இழக்காமலே பெரும் சிக்கனம் கிட்டியது. ஜாரெக் ரோசிக்னாக் 1999இல் வெளியிட்ட எட்ஜ்பிரேக்கர் என்னும் முறை, முக்கோணப் பட்டியலை எழுதுவதற்குப் பதிலாக வலையின் மேல் ஒரு நடையை மேற்கொள்கிறது. ஒரு முக்கோணத்தில் தொடங்கி அடுத்ததற்குள் நுழையும்போது, எதிரே உள்ள முனை புதியதா, பழையது என்றால் இடப்புற முக்கோணமும் வலப்புற முக்கோணமும் முன்பே கடக்கப்பட்டவையா என்று பார்த்தால் ஐந்தே நிலைகள்தான் உண்டு. அவற்றுக்கு ஐந்து எழுத்துகள் வைத்து, நடையை எழுத்துச் சரமாகக் குறித்துக்கொண்டே போகலாம். புதிய முனையைச் சந்திக்கும் நிலை ஏறத்தாழப் பாதி முக்கோணங்களில் வருவதால் அதற்கு ஒரு பிட்டும் ஏனைய நான்குக்கு மூன்று பிட்டும் கொடுத்தால், சராசரியாக முக்கோணத்துக்கு இரண்டு பிட் ஆகிறது. மேலே கண்ட 480 கிலோபைட் பத்துக் கிலோபைட்டாகச் சுருங்கிவிடுகிறது. புள்ளிக் கோலத்தை, கம்பி எங்கே நேராகப் போகிறது, எங்கே வளைகிறது என்று கையின் போக்காகச் சொல்லிக் கொடுப்பதற்கு இது நெருங்கிய உறவு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இலேயே கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருந்தார்கள் என்பதைக் கணினி வரைகலை வரலாறு எழுதுபவர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

முனைகளின் இருப்பிடத்தில் கதை வேறு. எந்த நுணுக்கத்தில் அளவை முடித்துக்கொள்வது என்று அங்கே தீர்மானித்தாக வேண்டும். இரண்டு மீட்டர் பக்கமுள்ள பெட்டிக்குள் உருவம் நிற்கிறது எனக் கொண்டு, ஒவ்வோர் அச்சையும் பத்து பிட்டால் 1024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். பன்னிரண்டு பிட்டானால் அரை மில்லிமீட்டர். பெருவிரலும் மோதிர விரலும் தொட்டும் தொடாமலும் நிற்கும் மயூர முத்திரைக்கு இந்த வேறுபாடு முக்கியம். அண்டை முக்கோணத்தை இணைகரமாக நீட்டி அடுத்த முனை எங்கே விழும் என ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அனுப்பும் டூமா–காட்ஸ்மன் முறை 1998இல் வந்தது. தொடை, முதுகு போன்ற வழவழப்பான பரப்புகளில் அந்த ஊகம் நன்றாகப் பலிக்கும். விரல் நுனியில் அவ்வளவாகப் பலிக்காது.

காலம் உள்ளே நுழையும்போதுதான் பிரச்சினை தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. ஷா ஆலமில் உள்ள லெஸ் கொப்பாக் நிறுவனம் 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின் தொடரைப் போன்ற அனிமேஷனில், பாத்திரத்தின் வலையை ஒரு கலைஞர் ஒருமுறை கட்டிவிடுகிறார். மூக்கின் நுனியில் இருக்கும் முனை எந்தச் சட்டகத்திலும் அதே முனைதான், அதன் இடம் மட்டும் மாறும். இணைப்புத் தகவலை ஒருமுறை அனுப்பி, அதன்பின் அசைவுகளை மட்டும் அனுப்பினால் போதும். ஜெரோம் லெங்யெல் 1999இலும், அலெக்ஸாவும் முல்லரும் 2000த்திலும் முன்வைத்த முறைகள் இந்த வசதியை நம்பியவை. கலீத் மம்மு முதலானோர் உருவாக்கி எம்பெக்–4 தரத்தில் இடம்பெற்ற முறையும் அவ்வகையே. ஆனால் உண்மையான மனிதரைச் சூழப் பல கேமராக்களை நிறுத்திப் பிடிக்கும் உருவத்தில் இந்தத் தொடர்ச்சி தானாகக் கிடைக்காது. 1990களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தக்கியோ கனாடே, பீட்டர் ராண்டர், பின்னாளில் ஐதராபாத் ஐஐஐடியின் இயக்குநரான பி. ஜே. நாராயணன் ஆகியோர் 51 கேமராக்கள் பொருத்திய கவிகைக்குள் தொடங்கிய முயற்சிகளிலிருந்தே இந்நிலை தொடர்கிறது: ஒவ்வொரு கணத்துக்கும் வலை புதிதாகக் கட்டப்படுகிறது, ஆகவே இந்தச் சட்டகத்தின் ஐயாயிரமாவது முனைக்கும் அடுத்த சட்டகத்தின் ஐயாயிரமாவது முனைக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

இடையறாது ஒரே வலையைப் பொருத்திக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். அதற்கு விடை, அடவு எனப்படும் அடிப்படை அசைவுகளில் ஒன்றான தட்டடவின் தொடக்க நிலையிலேயே இருக்கிறது. துளையில்லாத மூடிய பரப்பில் முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முக்கோணங்களைக் கூட்டினால் 2 வரும் என்பது ஆய்லரின் வாய்பாடு. பரப்பில் ஊடுருவும் ஒவ்வொரு துளைக்கும் அந்த எண் இரண்டிரண்டாகக் குறையும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் உடலுக்கு அது 2. அதே மாணவர் அரைமண்டியில் அமர்ந்து கைகளை இடுப்பில் வைத்த கணத்தில், கேமராக்களிலிருந்து கட்டப்படும் வலையில் கையும் இடுப்பும் பெரும்பாலும் ஒட்டிப்போகும். முழங்கையின் வளைவுக்குள் இருபுறமும் இரண்டு துளைகள் பிறந்து எண் -2 ஆகிவிடும். குதிகால்கள் சேர்ந்து முழங்கால்கள் அகன்றிருப்பதால் கால்களுக்கிடையே மூன்றாவது துளை ஒன்றும் தோன்ற வேண்டும். உடையின் முன்புறத்தில் தைக்கப்பட்ட விசிறி விரிந்து அதை மறைக்கிறது, ஆனால் விசிறியின் ஓரம் தொடையில் ஒட்டியிருக்கிறதா விலகியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அதுவும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறலாம். இவ்வெண் மாறிய பின் பழைய வலையை எவ்வளவு இழுத்தாலும் வளைத்தாலும் புதிய வடிவமாகாது. அறுத்துத் தைக்கத்தான் வேண்டும். சாதாரணமாக நடந்து போகும் ஒருவரிடம் இந்தத் திருப்பம் எப்போதாவது நிகழும். அடவு ஆடுபவரிடம் கை இடுப்பை விட்டு எழுவதும் திரும்புவதும் விரல்கள் தொடுவதும் பிரிவதும் தாளத்துக்குத் தாளம் நிகழ்கின்றன.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் வலைகளைச் சுருக்க, வீடியோத் தரங்களை வகுக்கும் எம்பெக் குழு 2021இல் முன்மொழிவுகளைக் கோரி, 2022 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் விடையை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கத் தொடங்கிய வி–டிஎம்சி என்னும் தரம், ஐஎஸ்ஓ வரிசையில் 23090–29 என்ற எண்ணைக் கொண்டது; அந்த விடையை எழுதியவர்களுள்ளும் மேலே சொன்ன மம்மு இருக்கிறார். அதன் மையக் கருத்து புத்திசாலித்தனமானது. முதலில் உருவத்தை மிகச் சில முக்கோணங்களால் ஆன அடிவலையாகக் குறைக்கிறார்கள். பெறுபவரின் கருவி அந்த அடிவலையின் ஒவ்வொரு விளிம்பையும் நடுவில் பிளந்து முக்கோணங்களை நான்கு நான்காகப் பெருக்குகிறது. இரண்டாயிரம் முக்கோணங்கள் இரண்டு சுற்றில் முப்பத்தீராயிரம் ஆகின்றன. புதிதாகப் பிறந்த முனைகள் உண்மைப் பரப்புக்கு வந்துசேர ஒவ்வொன்றும் எவ்வளவு விலக வேண்டும் என்ற எண்களே மீதித் தகவல். அவை அலைச்சிற்று (வேவ்லெட்) உருமாற்றத்தால் சுருக்கப்பட்டு, ஒரு வீடியோவின் படப்புள்ளிகளைப் போல அடுக்கப்பட்டு, வழக்கமான வீடியோக் கோடெக்குக்குள் செல்கின்றன. கைப்பேசிகளில் வீடியோவை விரிக்கும் சில்லு ஏற்கெனவே இருப்பதால் கனமான வேலையை அதன் தலையில் கட்டிவிடலாம். அடுத்தடுத்த சட்டகங்கள் ஒத்திருக்கும்வரை அடிவலையின் இணைப்பை மாற்றாமல் முனைகளின் நகர்வை மட்டும் அனுப்புகிறார்கள். ஒத்துவராதபோது புதிய அடிவலையோடு மறுபடி தொடங்குகிறார்கள். இவ்வாறு டெக்ஸ்சரும் சேர்ந்து வினாடிக்குச் சில மெகாபிட்டுகள் முதல் சில பத்து மெகாபிட்டுகள் வரையிலான அளவுக்குள் ஓர் ஆள் அடங்கிவிடுகிறார். மூன்று கிகாபிட்டில் தொடங்கிய கணக்குக்கு இது பெரும் சாதனைதான்.

ஆனால் அந்த இரண்டாயிரம் முக்கோணங்களில் கைக்கு எத்தனை கிடைக்கும்? தீக்காயத்தை மதிப்பிடும் மருத்துவர்கள் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையை உடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்காகக் கொள்வார்கள்; புறங்கையையும் சேர்த்தால் இரண்டு பங்கு. பரப்புக்கேற்பப் பகிர்ந்தால் ஒரு கைக்கு நாற்பது முக்கோணங்கள். ஒரு விரலை மூன்று கணுக்கள் கொண்ட முப்பட்டைக் குழாயாக மட்டும் கட்டினாலும், கணுவுக்கு ஆறு வீதம் பதினெட்டும் நுனிக்கு ஒன்றுமாகப் பத்தொன்பது முக்கோணங்கள் தேவை. நான்கு விரல்களுக்கு 76, இரண்டு கணு உள்ள பெருவிரலுக்கு 13, ஆக மொத்தம் 89. உள்ளங்கை இன்னும் கணக்கில் வரவில்லை. நாற்பது முக்கோணங்களுக்குள் ஐந்து விரல்கள் அடங்கவே அடங்கா. அவற்றில் கிடைப்பது குழந்தைகள் போடும் கையுறையைப் போன்ற உருவம், அதில் பதாகமும் திரிபதாகமும் ஒன்றே. பிற்பாடு சேர்க்கப்படும் விலகல் எண்கள் பரப்பை மேடு பள்ளமாக்க வல்லவை. அடிவலையில் பிரியாத விரலைப் பிரித்துத் தர வல்லவை அல்ல.

நடைமுறையில் முக்கோணங்கள் பரப்புக்கேற்பப் பகிரப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்லண்டும் ஹெக்பர்ட்டும் 1997இல் வகுத்த குறைப்பு முறையும் அதன் வழிவந்தவையும் சமதளமான இடங்களில் முனைகளை முதலில் நீக்கி, வளைவு மிகுந்த இடங்களில் விட்டுவைக்கின்றன. விரல் வளைவு மிகுந்தது. ஆகவே அது தன் பங்கைவிடக் கூடுதலாகவே பெறும். இங்கேதான் பரத உடை குறுக்கே வருகிறது. விசிறியின் ஒவ்வொரு மடிப்பும் கூர்மையான முகடும் ஆழமான பள்ளமும் கொண்டது. அரைமண்டியில் அது விரியும்போது வளைவை மட்டும் அறிந்த கணக்கு, உடலிலேயே மிக மதிப்புள்ள பகுதி அதுதான் என்று முடிவுகட்டி முக்கோணங்களை அங்கே கொட்டுகிறது. தையல்காரர் ஒரே அளவில் மடித்து மடித்துத் தைத்த, ஒன்றைப் பார்த்தால் மற்றவற்றை ஊகிக்கக்கூடிய விசிறி, ஊகிக்கவே முடியாத விரலோடு போட்டியிட்டு வென்றுவிடுகிறது. ரசிகரின் கண் எங்கே போகும் என்பதைச் சொல்ல, கை போகும் இடத்துக்குக் கண்ணும், கண் போகும் இடத்துக்கு மனமும் போகும் என்று வகுத்த மரபு ஒன்று இருக்கிறது. சுருக்கத்தின் தரத்தை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தவர்களுக்கு அதை அறியும் வாய்ப்பு இருந்திருக்காது.

அளவுகோல் என்பது இங்கே வெறும் துணைக்கருவியாக நின்றுவிடுவதில்லை. சுருக்கும் முறைகளை ஒப்பிடுபவர்கள் மூல வலைக்கும் மீட்ட வலைக்கும் இடையிலான தூரத்தைப் புள்ளிதோறும் அளந்து, இருபடியாக்கி, உடல் முழுதும் சராசரி எடுக்கிறார்கள். வலையைப் பல கோணங்களில் படமாக்கிப் படங்களை ஒப்பிடும் அளவீடும் உண்டு, அதிலும் முடிவில் சராசரியே. முதுகில் நூறு இடங்களில் கால் மில்லிமீட்டர் திருந்தினால் கிடைக்கும் மதிப்பெண், ஒரு விரல் அழிந்ததால் போன மதிப்பெண்ணை எளிதில் ஈடுகட்டிவிடும். வி–டிஎம்சியைச் சோதித்த எட்டு உருவத் தொடர்களில் நீண்ட உடை அணிந்த பெண், படைவீரர், கூடைப்பந்து ஆடுபவர் ஆகியோருடன் நடனம் ஆடுபவர் ஒருவரும் இருக்கிறார். அவர் ஆடுவது பரதம் இல்லை. அவரிடம் கை என்பது உடலின் வீச்சைத் தொடரும் உறுப்பு, அது கொஞ்சம் மழுங்கினாலும் ஆட்டம் கெடாது. கையே சொல்லாக இருக்கும் கலை ஒன்று அந்தத் தொகுப்பில் இருந்திருந்தால் எண்கள் வேறு மாதிரி வந்திருக்கும். 2015இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 106 கேமராக்களோடு அமைத்த பதிவு முறை, முகம் போன்ற பகுதிகளைக் கண்டறிந்து அங்கே கூடுதல் முக்கோணங்களைக் காத்தது. பார்ப்பவரின் அக்கறையை எடையாகச் சேர்க்க முடியும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான்.

உடனுக்குடன் என்ற சொல்லும் இங்கே சற்றுத் தாராளமாகவே புழங்குகிறது. சுருக்கிய தரவை உடனுக்குடன் விரிப்பது ஒன்று, ஆடும்போதே சுருக்குவது வேறு. அடிவலையைச் சட்டகங்களுக்கிடையே பொருத்த, பின்னால் வரும் சட்டகங்களையும் பார்த்தாக வேண்டும். முப்பத்திரண்டு சட்டகங்களை ஒரு தொகுதியாக எடுத்தால் அதுவே ஒரு வினாடியைத் தாண்டிவிடும். மேடை நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர் பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் தட்டுக்கழி விழ, கிள்ளானில் கால் தட்ட வேண்டும் என்றால், அட்சரம் ஒரு வினாடி எனக் கொண்டாலும் நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது கால் வினாடிதான். மாணவரின் தட்டு ஆசிரியரின் கண்ணை எட்டும் முன் நான்கு சொற்கள் கடந்திருக்கும். அங்கே திருத்தத்துக்கு இடமே இல்லை.

வலையை விட்டுவிட்டு, ஐம்பது அறுபது மூட்டுகளின் கோணங்களை மட்டும் அனுப்பி, பெறும் இடத்தில் ஆயத்தமாக உள்ள பொம்மையை அசைக்கலாம் என்ற மாற்று வழிக்கு வினாடிக்குச் சில நூறு கிலோபிட் போதும். ‘நாட்டடவு’ என்று ஒரு சொல்லைச் சொன்னதும் மாணவரின் உடல் அதை விரித்துக்கொள்வதைப் போன்றதே அதுவும்: அனுப்புவது குறைவு, பெறுபவர் முன்பே அறிந்திருப்பது அதிகம். விரல்களைப் பொறுத்தவரை இதுவே சரியான வழியாகவும் இருக்கலாம், ஏனெனில் விரல் மூட்டுகளில் முறையாக மடங்குவது; விசிறிக்கும் தலைப்புக்கும் எலும்பு இல்லாததால் அவற்றுக்கு வலையே கதி. இரண்டையும் கலந்து, உடையை வலையாகவும் கையை மூட்டுகளாகவும் அனுப்பும் ஏற்பாடு கற்பனைக்கு எட்டாதது இல்லை.

அதுவரை, இருக்கும் தரத்துக்குள்ளேயே அடிவலையில் கைக்கு இருநூறு முக்கோணங்களைக் கூட்டிக் கொடுத்தால் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எட்ஜ்பிரேக்கர் கணக்கில் இணைப்புக்கு நானூறு பிட், அதாவது ஐம்பது பைட். கூடுதலாக வரும் நூறு முனைகளுக்கு அச்சுக்குப் பன்னிரண்டு பிட் வீதம் 3,600 பிட், அதாவது 450 பைட். இரு கைகளுக்கும் சேர்த்து ஒவ்வொரு புதிய அடிவலைக்கும் ஆயிரம் பைட் வருகிறது. பிளந்து பெருகும் முனைகளின் விலகல் எண்கள் அதற்கு மேல் வந்தாலும், விரல் சரியாகப் பிரிந்த பின் அவை சிறியவையாகவே இருக்கும். அதே இடைவெளியில் விசிறியின் சரிகைக் கரையைப் பளபளப்பாகக் காட்ட டெக்ஸ்சர் எடுத்துக்கொள்ளும் பிட்டுகள் இதைவிடப் பல மடங்கு.